வெறும் வயிற்றோடு ஏறியவர்

துறைமுகத்தில் அவரைக் 'கேள்விக்குறி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் கண்ணால் பார்த்ததை அப்படியே வைத்திருக்கிறான். தலை முன்னால் நீண்டு, முதுகு வளைந்து, வயிறு உள்ளே மடங்கி, நடக்கும்போதே யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டு போகிறவர் போலத்தான் அவர் இருப்பார். அவருக்கு அதில் வருத்தமில்லை. இதைவிட மோசமான பெயர்களை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

அவர் கிரேன் ஆபரேட்டர். கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி லாரியில் இறக்கும் பெரிய கிரேன். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, நாற்காலியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு லிவர். அவ்வளவுதான் அவருடைய அலுவலகம். நமக்கெல்லாம் வேலை கண்ணுக்கு எதிரே நடக்கும். அவருக்குக் காலுக்குக் கீழே நடக்கும். அதனால் கூண்டின் தரையே கண்ணாடி. நாற்காலியின் நுனிக்கு வந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையைக் குனிந்து, கீழே பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஷிஃப்ட் முடிந்து இறங்குகிற மற்ற ஆபரேட்டர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்த நாற்காலியைச் செய்தவனின் குடும்பத்தையே திட்டிக்கொண்டு இறங்குவார்கள். இவர் மட்டும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "கேள்விக்குறிக்கு அளவெடுத்துத் தச்ச நாற்காலிடா அது" என்பார்கள். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் உண்மை. குனிந்து உட்கார்ந்தால்தான் அவரால் உயிரோடு இருக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வலி அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். அப்போது அவர் கீழே, தரையில், லாரிகளின் மேல் கண்டெய்னரைப் பூட்டுகிற கூலியாள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே மெல்ல ஆரம்பிக்கும். அப்புறம் நேராக முதுகுக்குத் துளை போட்டுக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் உயிரே போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆகவே கண்டெய்னர்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் குந்திக்கொண்டு, வியர்த்து வழிந்து, வாந்தி எடுத்துவிட்டுத் தள்ளாடி எழுந்து வருவார். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்?

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார் அந்தக் காலத்து மேஸ்திரி.

வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை அவர். இல்லை என்று சொல்லச் சொல்ல, ஆமாம் என்று நம்பினார்கள். குடிக்காதவர்கள் ஒதுங்கிப் போனார்கள். குடிக்கிறவர்கள் தங்கள் ஆள் என்று தோளில் கை போட்டு, எந்த வகை வயிற்றைக் கெடுக்காது என்று அன்போடு அறிவுரை சொன்னார்கள். இரண்டில் எது அதிகம் சுட்டது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

வாயுக் கோளாறு என்று பல வருஷம் மாத்திரை தின்றார். கல்யாணம் ஆன பிறகு மனைவிதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடிப்பீங்களா?" என்றார்.

"இல்லைங்க."

"எப்பவாவது?"

"இல்லைங்க."

"விசேஷம், நல்ல நாளு?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, இவர் சோடா குடிச்சுட்டு ஏப்பம் விடவே வெக்கப்படுவாரு. இவரைப் போயி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். குடிக்காதவர்களுக்கும் இது வரும், சிலருக்கு ஏன் வருகிறது என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை என்றார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை. சாப்பாட்டைக் கரைக்கிற சாற்றைக் குடலுக்குள் விடுவது ஒன்று, ரத்தத்தில் சர்க்கரையைச் சரியாக வைத்துக்கொள்வது மற்றொன்று. இவருடைய கணையம் திரும்பத் திரும்பப் புண்பட்டு, தழும்பேறி, சாறு போகிற குழாயில் சுண்ணாம்புக் கல்லாக அடைத்திருக்கிறது. சாப்பிடும்போது சாறு ஊறும், போக வழியில்லாமல் முட்டும், அதனால்தான் வலி என்றார். அடைப்பை எடுக்கக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் கேட்டது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது.

டாக்டர் சொன்னதில் அவர் மனதில் ஆணி அடித்தது போல் நின்றது ஒன்றே ஒன்று: சாப்பிட்டால் வலிக்கும். ஆகவே சாப்பிடாமல் இருந்தால் வலிக்காது. டாக்டரம்மா அப்படிச் சொல்லவேயில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, கொழுப்புக் குறைவாக, மாத்திரையோடு சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னார். இவராக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வேலைக்குப் போகிற நாளில் வெறும் வயிறு. பிடரியில் குளிர்ந்த வியர்வை அரும்பினால், விரல் நுனி நடுங்கினால், கண் கொஞ்சம் மங்கினால், வலி படியேறி வருகிறது என்று அர்த்தம். அப்போது வாயில் ஒரு பருக்கை போடக்கூடாது. குனிந்து, மூச்சை மெல்ல விட்டு, அது கடந்து போகிறவரை காத்திருக்க வேண்டும். இந்தப் பாடத்தை அவர் உடம்பு அவருக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தது. அவரும் மறக்கவில்லை.

கிரேன் ஓட்டப் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாகப் போய் நின்றார். ஆசையெல்லாம் அந்தக் குனிந்த நாற்காலிமேல்தான். பரீட்சையில் தேறி, முதல் நாள் மேலே போய் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே குனிந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் குனிந்தால் 'என்ன செய்யுது?' என்று கேட்பார்கள். தெருவில் குனிந்தால் குடிகாரன். அங்கே மட்டும் குனிவதற்குப் பெயர் வேலை. உலகத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் அவர் நோயாளி இல்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் மறுபடி என்ன ஆவார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வலி மாதாமாதம் வந்தது. பிறகு வாராவாரம் வந்தது. சில காலம் போகவே மாட்டேன் என்று வீட்டாளாகவே தங்கிவிட்டது. பிறகு, ஏன் என்று தெரியாமல், வருகையைக் குறைத்துக்கொண்டது.

ஒரு சாயங்காலம் அவர் கூடத்தில் இருந்தபடி மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரேன்."

அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவர் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். கை கால் நீட்டி, முதுகு தரையில் பட, பாய்கூட இல்லாமல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தன் புருஷனின் முழு நீளத்தைப் பார்த்ததில்லை.

"வலிக்கலையா?"

"இல்லை. ரொம்ப நாளாவே இல்லை. சொன்னா திரும்ப வந்துடுமோன்னு சொல்லலை."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவரும் படுத்தபடியே அழுதார், கண்ணீர் காதுக்குள் போனது. அவளுடைய தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவனும் அதே துறைமுகத்தில், அவருடைய கிரேனுக்கு நேர் கீழே, லாரிகளில் கண்டெய்னரைப் பூட்டுகிற வேலைதான். மாமா விட்ட வேலையை மச்சினன் பிடித்திருந்தான். "இனிமே மாமாவை ஆச்சரியக்குறின்னு கூப்பிடலாம்" என்றான் அவன்.

இங்கேதான் அவர் பெரிய தப்பு ஒன்றைச் செய்தார், அதைத் தப்பு என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வலி போனால் நோய் போயிற்று என்று நினைத்தார்கள். நீங்களும் நானும்கூட அப்படித்தான் நினைத்திருப்போம். சாப்பாட்டோடு விழுங்கச் சொல்லியிருந்த பெரிய பெரிய மாத்திரைகளை அவர் நிறுத்திவிட்டார். டாக்டரம்மாவிடம் போவதையும் நிறுத்திவிட்டார். நல்லாயிருக்கிறவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

உடம்பு இளைத்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார், அதுவும் போதாமல் இன்னொன்று. வயிறு அடிக்கடி போனது. போவது வெளிறி, எண்ணெய்ப் பசையாக, நாற்றத்தோடு மிதந்தது. எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நின்றது. இதைப் போய் யாரிடம் சொல்வது? வீட்டில் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கூண்டில் கழிப்பறை கிடையாது. அவசரம் என்றால் லிஃப்டைக் கூப்பிட்டு, அது ஆடி அசைந்து மேலே வந்து, கீழே இறங்கி, கிடங்கைத் தாண்டி ஓடவேண்டும். அதற்குள் மானம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு, கால்களை இறுக்கிக்கொண்டு, கண்ணாடித் தரைக்குக் கீழே நகரும் தலைகளைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்த நேரங்கள் உண்டு. அதற்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. சாப்பிடாமல் போவது.

பிறகு தாகம். எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. குடித்த வேகத்தில் சிறுநீர் முட்டியது. மனைவி இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. மறுபடி டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டரம்மா மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"வலி எப்படி இருக்கு?" என்றார் பிறகு.

"வலி சுத்தமா போயிடுச்சுங்க" என்றார் இவர், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி.

"போனது நல்லதுதான். எல்லாருக்கும் போறதில்லை, சிலருக்குக் கடைசிவரைக்கும் இருக்கும். ஆனா ஏன் போச்சுன்னு பார்க்கணும் இல்லையா?" டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க பக்கத்து வீட்டுல தினமும் சண்டை. சத்தம் தாங்க முடியலை. திடீர்னு ஒரு நாள் அமைதி ஆயிடுது. ராசி ஆயிட்டாங்கன்னு நீங்க சந்தோஷப்படறீங்க. போய்ப் பார்த்தா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. உங்க கணையம் இப்ப அப்படித்தான் இருக்கு. சண்டை போட உள்ள ஆள் இல்லை."

இவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

சாறு சுரப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது, அதனால்தான் சாப்பிட்ட கொழுப்பு அப்படியே வெளியே போகிறது, மாத்திரையை நிறுத்தியிருக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. சர்க்கரையைக் கவனிக்கிற பகுதியும் இப்போது போய்விட்டது. இனி இன்சுலின் ஊசி. "இன்னொண்ணு நல்லாக் கேட்டுக்குங்க. சாதாரண சர்க்கரைக்காரங்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கினா, தூக்கிவிடறதுக்குக் கணையத்துலயே வேற ஒரு சுரப்பு இருக்கு. உங்களுக்கு அதுவும் போயிடுச்சு. அதனால இறங்க ஆரம்பிச்சா மடமடன்னு இறங்கும். ஊசி போட்டா சாப்பிட்டே ஆகணும். வெறும் வயித்தோட மட்டும் இருக்காதீங்க. சட்டைப் பையில எப்பவும் மிட்டாய் இருக்கணும். என்ன வேலை பார்க்கறீங்க?"

"துறைமுகத்துல."

"அதான், என்ன வேலை?"

"ஏத்தறது இறக்கறதுங்க" என்றார் அவர். பொய் சொன்னதாகவும் ஆகவில்லை.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் கிரேன் ஏறக்கூடாது என்பது அந்தத் துறைமுகத்தின் விதி. கூண்டுக்குப் போகும் லிஃப்டின் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். வலியோடு துடித்துக்கொண்டு ஏறிய வருஷங்களில் எந்த விதியும் அவரைத் தடுக்கவில்லை. வலி போனதும் தடுக்கிறது. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வரும் வழியில் மனைவியே மருந்துக் கடையில் ஊசி வாங்கினாள். ஊசியைக் குளிர்பெட்டியில் காய்கறிகளுக்குப் பின்னால் வைக்கும்போதுதான் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க."

"சொன்னா இறக்கிவிட்டுடுவான்."

"இறக்கினா இறக்கட்டும்."

"இறங்கி? கிடங்கு வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரவா? வர்றவன் போறவன் எல்லாம் பாவம்னு பார்ப்பான். இல்லைன்னா குடிச்சே கெட்டான்னு சொல்லுவான். வலியோட அத்தனை வருஷம் ஓட்டினேன். இப்ப வலியே இல்லை, இப்பப் போயி..."

அவள் குளிர்பெட்டியின் கதவைச் சாத்தினாள். "தம்பி கீழ நிக்கிறான்" என்றாள்.

"தெரியாதா எனக்கு? சாப்பிட்டுட்டுத்தான் ஏறுவேன். சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணிட்டுத்தான் லிவரைத் தொடுவேன். போதுமா?"

போதும் என்று அவள் சொல்லவில்லை. போதாது என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலிருந்து, ஊசி போட்டுவிட்டு, கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து, சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து அனுப்பினாள். சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. அதைக் கழுவும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டே அவர் பக்கத்தில் நிற்பார்.

டப்பாவைக் காலி செய்தவை கடற்காகங்கள். நிஜமாகவே சாப்பிட நினைத்துத்தான் தினமும் மூடியைத் திறப்பார். முதல் கவளம் வாய்க்குப் போகும், இரண்டாவது போகும். மூன்றாவதில் முதுகு தானாக விறைத்துக்கொள்ளும். வலி இல்லை, இனி வரப்போவதும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அடி வாங்கி வாங்கிப் பழகிய உடம்பு, ஓங்குகிற கை இல்லாமலேயே ஒடுங்கியது. போதாக்குறைக்கு, மாத்திரை போட்டாலும் வயிறு போய்விட்டால் கூண்டில் என்ன செய்வது என்ற பயம். மிச்சத்தை எல்லாம் கடலோரத் தடுப்புச் சுவருக்கு அப்பால் கொட்டிவிட்டு லிஃப்டில் ஏறுவார். சாப்பிட்டாலும் மாட்டிக்கொள்வார், சாப்பிடாவிட்டாலும் மாட்டிக்கொள்வார். ஆபீஸில் சொன்னால் நாற்காலி போகும், வீட்டில் சொன்னால் மனைவி தூங்கமாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று நாட்கள் போயின.

அன்றைக்கு மாற்று ஆபரேட்டர் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. வழியில் ஏதோ போக்குவரத்துத் தடை. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாக்கி டாக்கியில் சொன்னார்கள். பார்த்துக்கொண்டார். காலையில் போட்ட ஊசி ரத்தத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வயிற்றில் இரண்டு கவளம்கூட இல்லை. வெயில் கண்ணாடி வழியாக இறங்கியது.

முதலில் பிடரியில் வியர்த்தது. குளிர்ந்த வியர்வை. பிறகு விரல் நுனி நடுங்கியது. கீழே லாரியின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது.

வேறு எந்தச் சர்க்கரைக்காரனாக இருந்தாலும் அந்த நிமிஷமே பையில் இருக்கும் மிட்டாயை எடுத்து வாயில் போட்டிருப்பான். இவருக்கு அந்த வியர்வையும் நடுக்கமும் புதிதில்லையே. எத்தனையோ வருஷமாகத் தெரிந்த ஆட்கள். வலி வரப்போகிறது என்று சொல்ல முன்னால் வருகிற ஆட்கள். 'ஐயோ, திரும்ப வந்துடுச்சு' என்று நினைத்தார். பயத்திலும் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உள்ளே இன்னும் ஆள் இருக்கிறதோ என்னவோ. உடம்பு படித்து வைத்திருந்த பாடத்தை அப்படியே செய்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். மூச்சை மெல்ல விட்டார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

கயிற்றில் ஒரு கண்டெய்னர் தொங்கிக்கொண்டிருந்தது. அது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.

அடுத்து அவருக்குத் தெரிந்தது வாயில் இனிப்பு. மாற்று ஆபரேட்டர் வந்து, தோளைப் பிடித்து நிமிர்த்தி, தன் பிளாஸ்கிலிருந்து மூடியில் ஊற்றிய டீயை அவர் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். "குடிங்க, குடிங்க. என்ன இப்படி நனைஞ்சு கிடக்கீங்க? கூப்பிட்டா திருதிருன்னு முழிக்கிறீங்க. வெயில் அடிச்சிருச்சா?" அந்த மனிதர் டீயில் சர்க்கரை போடுகிற அளவைச் சொல்லி எல்லோரும் கேலி செய்வார்கள். அன்றைக்கு அதுதான் உயிரைப் பிடித்து நிறுத்தியது. இன்னொரு மூடி குடித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாகத் தெரிந்த கூண்டு ஒன்றாயிற்று, கை தன் கையாயிற்று. கீழே பார்த்தார். கயிற்றில் ஒன்றும் இல்லை. லாரி போய்விட்டிருந்தது.

"வெயில்தான்" என்றார்.

லிஃப்டில் இறங்கும்போது, கடைசிக் கண்டெய்னரை எப்போது இறக்கினோம் என்று நினைவைத் துழாவிக்கொண்டே வந்தார். கையில் ஒன்றும் அகப்படவில்லை.

கீழே மச்சினன் காத்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, உங்க கையைக் கொண்டாங்க, தொட்டுக் கும்பிட்டுக்கறேன்."

"எதுக்குடா?"

"கடைசிப் பெட்டி. லாரி மூலைல பூட்டு ஒண்ணு சாஞ்சு நின்னுச்சு. பெட்டி தலைக்கு மேல வந்துடுச்சு. நிமித்திடலாம்னு கையை உள்ள விட்டேன். மாட்டிக்கிச்சு மாமா. கையுறை பூட்டுல மாட்டிக்கிச்சு. நிறுத்துங்கன்னு சொல்ல வாக்கி டாக்கியை எடுக்கிறதுக்குள்ள பெட்டி தானா நின்னுடுச்சு. நான் சொல்லவே இல்லை. எப்படி மாமா தெரிஞ்சுது உங்களுக்கு? அவ்வளவு உயரத்துல இருந்து?"

அவர் அவன் விரல்களை எண்ணுவதுபோல் பார்த்தார்.

"கையை எடுத்து நகர்ந்ததும் மெதுவா இறக்குனீங்க பாருங்க, பூ வச்ச மாதிரி. வேற எவனாவது மேல இருந்தா நான் கையை உள்ள விட்டிருக்கவே மாட்டேன். நீங்க இருக்கீங்கன்னுதான் விட்டேன்."

லிவரிலிருந்து கையை எடுத்தால் கிரேன் அப்படியே நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அவர் பார்த்து நிறுத்தவில்லை. கை சோர்ந்து விழுந்தது, பெட்டி நின்றது. பிறகு அவருக்கே தெரியாமல் அந்தக் கை லிவரைத் தேடிப் பிடித்து இறக்கியிருக்கிறது. இவன் அதற்குள் நகர்ந்துவிட்டான். நகராமல் இருந்தாலும் இறக்கித்தான் இருக்கும்.

"நான் நிறுத்தலைடா" என்றார்.

"என்ன மாமா?"

"எனக்கு நினைவே இல்லை. நீ சொல்றது எதுவும் எனக்குத் தெரியாது. நான் இன்சுலின் போடறேன். ரொம்ப நாளா போடறேன். சாப்பிடாம ஏறினேன். மேல எனக்கு மயக்கம். கை தானா விழுந்திருக்கு." நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று வேகமாகச் சொன்னார். "இப்பப் போய் ஆபீஸ்ல சொல்லப் போறேன். இனிமே ஏற மாட்டேன். நீயும் கூட வா."

மச்சினனின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே நின்று, மெதுவாகக் கலைந்தது. பெரிய கிரேனை அண்ணாந்து பார்த்தான். அதில் மாற்று ஆபரேட்டர் அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திட்டுவான் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

அவன் அந்தக் கையால் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் மேலாளர் அறைப் பக்கம் நடந்தார்கள். நாற்காலி போயிற்று என்பது அவருக்குத் தெரிந்தது. இவ்வளவு காலம் அதற்காகத் தவித்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த நேரம் அது பெரிதாகத் தோன்றவில்லை. கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கிடங்கு வாசலில் மச்சினன் நின்றான்.

"அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

காய்கறிகளுக்குப் பின்னால் ஊசி. தினமும் காலையில் அதைப் போட்டுவிடுகிற கை. 'தம்பி கீழ நிக்கிறான்' என்று முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன குரல்.

"தெரியாது" என்றார். "நானாத்தான் போட்டுக்கறேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மச்சினன் பெரிதாக மூச்சு விட்டான். "அதானே பார்த்தேன்" என்றான். "தெரிஞ்சிருந்தா என்னைக் கீழ நிக்க விட்டிருப்பாளா?"

"விட்டிருக்க மாட்டா" என்றார் அவர்.

"ராத்திரி வீட்டுக்கு வர்றேன். நானே அக்காகிட்ட பக்குவமா சொல்றேன். நீங்க பேசாம இருங்க."

அவர் தலையாட்டினார். இருவரும் உள்ளே போனபோது, அறையில் மேலாளர் நிமிர்ந்து பார்த்து, "என்னங்க கேள்விக்குறி, என்ன விஷயம்?" என்றார்.